ராத்தாவின் கேள்வியும் ஒரு பழைய கமராவும்

பயன் முடிந்த பொருள் வேறு, பயன் முடிந்துவிட்டதென்று நாம் தீர்ப்பெழுதிய பொருள் வேறு. இரண்டையும் பிரித்தறிவது அத்தனை இலகுவல்ல. எருக்கலம்பிட்டியில் இருக்கும் என் ராத்தா அண்மையில் ஒரு சிறிய டிஜிட்டல் கமராவைத் தந்து, "தம்பி, இது இனி எதுக்கும் உதவுமா? மகன் வீசச் சொல்றான்" என்றார்.

கனன் பவர்ஷொட் ஏ570 ஐஎஸ். மச்சான் 2007இல் புத்தளத்தில் வாங்கியது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது எங்கள் வீட்டு அல்பங்களும் இங்கேயே தங்கிவிட்டன. அதற்கு முந்திய குடும்பப் படம் ஒன்றேனும் எங்களிடம் இல்லை. ஆகவே எங்களுக்குக் கமரா ஆடம்பரப் பொருளல்ல.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இதில் எடுக்கும் படம் 3072க்கு 2304 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 70 இலட்சம். அல்பத்தில் வைக்கும் ஆறுக்கு நாலு அங்குலப் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 22 இலட்சம் போதும். பத்தங்குல நீளப் படத்துக்கும் இது தாங்கும். மெகாபிக்சல் குறைவென்று ஒதுக்குவதில் நியாயமில்லை.

அடுத்தது சோதனை. பள்ளிமுனைப் பெருக்கமரத்தைக் காலை வெயிலில் எடுத்தேன். பட்டையின் மடிப்புகள் தெளிவாக விழுந்தன. 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்தில் பூநாரைகளை எடுத்தேன். நான்கு மடங்கு சூமுக்கு அவை வெறும் வெளிறிய புள்ளிகள். இரவில் வீட்டுக்குள் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் பொரிப்பொரியாக இருந்தது. மங்கிய ஒளியில் இன்றைய கைத்தொலைபேசி பல படங்களை ஒன்றாக்கித் தெளிவுபடுத்துகிறது. அங்கே மருமகன் சொல்வதே சரி.

பென்டோர்ச் அளவுப் பற்றரி இரண்டு போதும். அது எந்தக் கடையிலும் கிடைக்கும். 32 ஜிபி வரையிலான கார்ட்தான் ஏற்கும். திகதியைக் காக்கும் பொத்தான் பற்றரி செத்திருந்தால் மாற்ற வேண்டும். இல்லையேல் படத்தில் பிழையான திகதி பதியும். மன்னார்க் காற்றில் மணல் புகுந்து லென்ஸ் சிக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். சிக்கினால் திருத்தும் செலவு கமராவின் பெறுமதியை விஞ்சும்.

2010இல் ஜப்பானியக் கம்பனிகள் மட்டும் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கமராக்களைச் சந்தைக்கு அனுப்பின. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இத்தகைய சிறு கமராக்களே. எத்தனை அலுமாரிகளில் எத்தனை உறங்குகின்றனவோ!

ஆனால் இதன் பெறுமதியை எனக்கு உணர்த்தியது இது செய்யாத ஒரு காரியமே. முருங்கனில் என் வகுப்புப் பிள்ளைகள் கட்டுக்கரைக்குளம் பற்றி ஒரு படத்தொகுப்புச் செய்ய விரும்பினார்கள். தொலைபேசியில் எடுப்பதென்றால் தாய்மார் தயங்கினார்கள். "சேர், பொம்புளப் புள்ளைகள்ட படம் எங்கெங்க போகுமோ" என்றார் ஒருவர். இந்தக் கமராவைக் காட்டியதும் சம்மதித்தார்கள். இதற்கு இணையம் தெரியாது. எடுத்த படம் யாராவது எடுத்துக் கொடுக்கும்வரை உள்ளேயே இருக்கும்.

அந்த நற்குணமே இதன் ஆபத்தும். ராத்தாவின் கார்ட்டில் 214 படங்கள் இருந்தன. புத்தளத்துக் கிடுகு வீடு, பெருநாள் உடுப்பில் பிள்ளைகள், 2010இல் ஊர் பார்க்க வந்தபோது கூரையற்ற எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வாப்பா. வாப்பா 2013இல் மௌத்தானார். அந்த வாசலில் அவர் நிற்கும் படம் அது ஒன்றுதான். வேறெங்கும் அதற்குப் பிரதி இல்லை. மருமகன் சொன்னபடி வீசியிருந்தால் இரண்டாவது தடவையும் அல்பத்தை இழந்திருப்போம். இம்முறை துப்பாக்கி எதுவும் தேவைப்பட்டிராது.

ஆகவே என் தீர்ப்பு இது. இத்தகைய கமராவைப் பெருவிலை கொடுத்து வாங்க வேண்டாம். வீட்டில் கிடந்தால் வீசவும் வேண்டாம். பகல் வெளிச்சத்துக்கும் பிள்ளைகளின் கைக்கும் இது இன்னும் நல்ல கருவி. எதற்கும் முதலில் கார்ட்டைத் திறந்து பாருங்கள், படங்களை இரண்டு இடத்தில் பிரதி செய்யுங்கள், முக்கியமானவற்றை அச்சிடுங்கள்.

மன்னார் நகரில் நாற்பது படம் அச்சிட்டுக் கொடுத்தேன். ராத்தா ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதிக்கொண்டிருக்கிறார்.