மறைப்பதற்கு முன் மருத்துவமனைக்கு

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைப் பல மாதத் தயக்கத்துக்குப் பின் எழுதுகிறோம். வேறொரு வீட்டில் ஒரு பிள்ளையேனும் பிழைக்க இது உதவுமானால், எங்கள் வெட்கம் பெரிதன்று.

எங்கள் மூத்த சகோதரியின் மகன் கல்லூரி மாணவன். ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது, நண்பர்கள் இருவர் அவனைத் திண்ணையில் கிடத்திவிட்டு நிற்காமல் போய்விட்டார்கள். அவன் வாயில் மது வாடை. அக்கா அவனை உள்ளே கொண்டுவரச் செய்து கதவைத் தாழிட்டார். "தம்பி, ஜமாஅத்தார் காதுக்குப் போனால் எப்படி வெளியே தலைகாட்டுவது? தூங்கட்டும், காலையில் தெளிந்துவிடும்" என்றார். நாங்களும் இசைந்தோம். முகத்தில் குளிர்ந்த நீர் தெளித்தோம். எலுமிச்சைச் சாறு புகட்ட முயன்றோம்.

ஒரு மணி நேரம் சென்றது. குறட்டை விட்டுவிட்டு வந்தது. கிள்ளியும் கண் திறக்கவில்லை. உதடுகள் நீலம் பாரித்து, கைகள் சில்லிட்டிருந்தன. அதன் பிறகே 108ஐ அழைத்தோம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் முதலில் கேட்டது, "என்ன குடித்தான்? எப்போது?" என்பதே. அக்கா, "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்றார். மருத்துவர் எங்களைத் தனியே அழைத்து, "திட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்தால்தான் சரியான சிகிச்சை கொடுக்க முடியும்" என்றார். உண்மையைச் சொன்னோம்.

அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்ததால் நரம்பு வழியே தயமின் ஊசியும் குளுக்கோஸும் ஏற்றினார்கள். சாதாரண மதுவின் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. கல்லீரல் அதை அகற்றும் வரை மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் காத்து நிற்பதே சிகிச்சை என்று மருத்துவர் விளக்கினார். மூச்சு தளர்ந்தால் வென்டிலேட்டர் வைக்கவும் ஆயத்தமாக இருந்தார்கள். பஜ்ர் நேரத்துக்குச் சற்று முன் அவன் "உம்மா" என்றான். அல்ஹம்துலில்லாஹ்.

நாங்கள் வீட்டில் செய்தவை எவ்வளவு பெரிய பிழை என்பதைப் பின்னரே அறிந்தோம். குடிப்பதை நிறுத்திய பின்னும் வயிற்றில் உள்ள மது இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். ஆகவே தூங்கவிட்டால் தெளியும் என்பது நிச்சயமன்று. குளிர்ந்த நீர் உடல் வெப்பத்தை மேலும் குறைக்கும். நினைவற்றவனுக்குப் புகட்டும் சாறு நுரையீரலுக்குள் போகலாம்.

குடித்தது மெத்தனால் கலந்த சாராயமாக இருந்தால் நிலைமை வேறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது அதுவே. அதன் கொடுமை பல மணி நேரம் கழித்தே வெளிப்படும். பார்வை மங்கும், மூச்சு வாங்கும். அதற்கு மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸும் தேவைப்படலாம். ஆனால் தாமதித்தால் உயிர் பிழைத்தாலும் கண் பறிபோகலாம். மருத்துவர் அந்தக் கேள்வியை முதலில் கேட்டதன் பொருள் இதுவே.

மது ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், குடித்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவருக்கு இழிவு உண்டாகட்டும் என்று சிலர் சொன்னபோது, சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணை போகாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக புகாரியில் பதிவாகியுள்ளது. பாவத்தைக் கண்டிக்கவும் தவ்பாவுக்கு அழைக்கவும் நாளை நேரமுண்டு. பிள்ளையின் குறையை ஊரிடம் மறைப்பது வேறு. மருத்துவரிடம் மறைப்பது வேறு. முன்னது கண்ணியம், பின்னது ஆபத்து.

எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு விட்டுவிட்டு வந்தால், உடல் சில்லிட்டால், உதடு நீலம் பாரித்தால் காத்திராதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள், 108ஐ அழையுங்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

அவன் இன்று எங்கள் பக்கத்தில் நின்று தொழுகிறான். அந்த ஒரு மணி நேரத்துக்காக நாங்களும் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அவன் நம் பிள்ளைகள் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.