எட்டு பைட்டு செய்யும் கலாட்டா

நெட் வேலை செய்கிறது. பிங் அடித்தால் பதில் வருகிறது. சின்னப் பக்கங்கள் டக்கென்று திறக்கின்றன. விண்ணப்பம் போட வேண்டிய அந்த ஒரு தளம் மட்டும் வெள்ளையாகவே நிற்கிறது. கடைசித் தேதியோ நாளைக்கு! சர்வீஸ்காரரைக் கூப்பிட்டால் அவர் கைவசம் இருக்கும் வைத்தியம் ஒன்றுதான்: "ஃபார்மட் அடிச்சுடலாம் சார்." அடித்த பிறகும் அதே வெள்ளைப் பக்கம். காசு போனதுதான் மிச்சம்.

இந்த மாதிரி நேரத்தில் சந்தேகப்பட வேண்டிய ஆசாமி எம்.டி.யு. ஒரு இணைப்பு ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பாக்கெட்டின் உச்ச அளவு அது. வாங்கிக்கொள்ளும் பக்கத்து அளவுக்கு எம்.ஆர்.யு. என்று பெயர். ஈதர்நெட்டில் வழக்கமாக 1500 பைட்டு. அதில் ஐ.பி. தலைப்புக்கு 20, டி.சி.பி. தலைப்புக்கு 20 போக, சரக்குக்கு 1460. நூறு ரூபாய் மணியார்டரில் 97 ரூபாய்ச் சொச்சம் கைக்கு வருகிற மாதிரி. மோசமில்லாத கமிஷன்தான்.

தகராறு டி.எஸ்.எல். இணைப்புகளில். அங்கே பரவலாக இருக்கும் பி.பி.பி.ஓ.இ. முறை (1999-ல் வந்தது) தன் பங்குக்கு 8 பைட்டு எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 1492. எட்டு பைட்டுதானே என்று தோன்றும். ரயில்வே சப்வே வாசலில் குறுக்கே இரும்புக் கம்பி இருக்குமே, லாரி அரை அடி உயரம் கூடினாலும் இடிக்கத்தான் செய்யும்.

தூரத்து சர்வர் 1500 பைட்டில் பாக்கெட்டை அனுப்புகிறது, 'துண்டாக்காதே' என்ற குறிப்போடு. வழியில் 1492-ல் முட்டுகிறது. அங்குள்ள ரவுட்டர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, 'பெரிசா இருக்கு, 1492-க்குள் அனுப்பு' என்று ஐ.சி.எம்.பி. மூலம் சேதி சொல்ல வேண்டும். 1990-ல் ஆர்.எஃப்.சி. 1191 வகுத்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சர்வர் வாசலில் ஃபயர்வால் வைத்த புண்ணியவான் ஐ.சி.எம்.பி. மொத்தத்தையும் அடைத்து வைத்திருந்தால்? சேதி சேராது. சர்வர் அதே 1500-ஐத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். பிங்கும் ஆரம்பக் கைகுலுக்கலும் குட்டிப் பாக்கெட்டுகள், அதனால் அவை தப்பித்துவிடும். இதற்குக் 'கருந்துளை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அடைத்தவரை முழுதாகத் திட்டவும் முடியாது. 65,535 பைட்டு வரம்பைத் தாண்டிய பிங்கைத் துண்டுகளாக அனுப்பி, 1990-களில் கணினிகளைக் கவிழ்த்தார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

கண்டுபிடிப்பது சுலபம். விண்டோஸில் துண்டாக்கத் தடை போட்டு 1472 பைட்டு பிங் அனுப்புங்கள். தலைப்புகள் 28 சேர்ந்தால் சரியாக 1500. அது போகாமல் 1464 மட்டும் போனால் உங்கள் வரம்பு 1492. கணினியிலும் எம்.டி.யு.வை அப்படியே குறைத்து வைத்தால், இணைப்பு தொடங்கும்போதே 'சரக்கு 1452-க்கு மேல் வேண்டாம்' என்று எதிர்முனைக்குச் சொல்லிவிடும். பல ரவுட்டர்கள் இதைத் தாமே செய்துவிடுகின்றன. வி.பி.என். போட்டால் வரம்பு இன்னும் குறையும். ஐ.பி.வி.6-ல் வழியிலுள்ள ரவுட்டர்கள் துண்டாக்கவே மாட்டா. அங்கே ஐ.சி.எம்.பி.யை அடைத்தால் பாதிப்பு இன்னும் அதிகம்.