ஒரே கோயிலில் எல்லா அரசர்களும்

எகிப்தை ஆண்டவர்களின் வரிசையைப் புத்தகத்தில் படித்தால் பாதியிலேயே குழம்பிப்போகும். பாரோக்கள், பாரசீகர், கிரேக்கர், ரோமானியர், அரபுகள், மம்லூக்குகள், துருக்கியர், பிரிட்டிஷார் என்று அது நீண்டுகொண்டே போகும். நைல் நதிக்கரையில் லக்சர் கோயிலுக்குள் காலெடுத்து வைத்தபோது, அந்த வரிசையில் பெரும்பகுதி கல்லும் சுண்ணமுமாக என் கண்ணெதிரே நின்றது.

வாசலில் இரண்டாம் ராம்சேஸ். இருபுறமும் பிரம்மாண்டமான சிலைகளாக உட்கார்ந்திருக்கிறார். மதிலில் அவருடைய காதேஷ் போர். எதிரே ஒற்றைக்கல் தூபி ஒன்று ஏறத்தாழ 25 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. அதன் ஜோடி அங்கே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட முகமது அலி அதைப் பிரான்சுக்குக் கொடுத்துவிட்டார். 1836 முதல் பாரிஸில் நிற்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் நட்டதை இன்னொருவர் தானம் செய்திருக்கிறார். அந்தக் காலி இடத்தைப் பார்த்து மனம் கனத்தது.

உள்ளே, கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அமென்ஹோதெப் எழுப்பிய 14 மாபெரும் தூண்கள். பக்கச் சுவர்களில் ஓபெட் திருவிழா: கர்னாக் கோயிலிலிருந்து ஆமுன் தெய்வத்தின் படகைப் பூசாரிகள் தோளில் சுமந்து வருகிறார்கள். இதைச் செதுக்கவைத்தவர் துட்டன்காமன். பின்னால் வந்த ஹோரெம்ஹெப் அவர் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரைப் பொறித்துக்கொண்டார்.

இன்னும் உள்ளே போனால் ரோமானியர். கி.பி. 300ஐ ஒட்டி இந்தக் கோயில் அவர்களுடைய படை முகாமுக்குள் இருந்தது. ஒரு மண்டபத்தின் சுவர்களில் சாந்து பூசி, தங்கள் பேரரசர்களையும் அதிகாரிகளையும் வண்ணத்தில் தீட்டினார்கள். அந்தச் சுவரின் முன் வெகுநேரம் நின்றேன். சாந்து உதிர்ந்த இடங்களில், ரோமானியர்களின் அங்கி மடிப்புகளுக்கு அடியிலிருந்து அமென்ஹோதெப் காலத்துத் தெய்வங்கள் எட்டிப் பார்க்கின்றன.

அதையும் தாண்டினால், கருவறைக்குப் பக்கத்தில் அலெக்சாண்டர்! கி.மு. 332இல் எகிப்தைக் கைப்பற்றியவர். தெய்வப் படகுக்கு இங்கே புதிய சன்னதி எழுந்தது அவர் பெயரில்தான். சுவரில் கிரேக்கத் தளபதியைத் தேடினால் கிடைக்கமாட்டார். பாரோவின் கிரீடமும் உடையும் அணிந்து ஆமுனுக்குப் படையல் வைக்கிறார். ஊரை வென்றவர், அந்த ஊர்ச் சாமிக்கு முன் அந்த ஊர் அரசராகவே நிற்க வேண்டியிருந்தது.

திரும்பும் வழியில், ராம்சேஸின் முற்றத்துக்கு மேலே அபு அல்-ஹஜ்ஜாஜ் மசூதி. 13ஆம் நூற்றாண்டில் மறைந்த சூஃபி ஞானியின் அடக்கத்தலம் அது. அதன் பழைய கதவொன்று முற்றத்துத் தரைக்கு மேலே பல மீட்டர் உயரத்தில் தொங்குகிறது. ஒரு காலத்தில் தெருமட்டமே அந்த உயரத்தில்தான் இருந்தது. கோயில் மண்ணுக்கும் வீடுகளுக்கும் அடியில் கிடந்தது. மசூதிக்கு முன் அதே இடத்தில் தேவாலயம் இருந்திருக்கிறது. மசூதியில் இன்றும் தொழுகை நடக்கிறது. ஞானியின் ஆண்டு விழாவில் லக்சர் மக்கள் இன்றும் தெருக்களில் படகு இழுத்து வருகிறார்கள்.

வெளியே ஸ்பிங்க்ஸ் சிலைகள் காவலிருக்கும் பாதை கர்னாக் வரை 2.7 கிலோமீட்டர் நீள்கிறது. இங்குள்ள சிலைகளை வைத்தவர் எகிப்திய மன்னர் முதலாம் நெக்டனெபோ. அவர் வம்சத்தின் கடைசி மன்னர் கி.மு. 343 வாக்கில் பாரசீகப் படைக்குத் தப்பி ஓடினார். அதன்பின் 1952இல் ராணுவ அதிகாரிகள் மன்னர் ஃபாரூக்கை வெளியேற்றும்வரை, ஏறத்தாழ 2,300 ஆண்டுகள் நாட்டை ஆண்ட வம்சங்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. 2021 நவம்பரில் இந்தப் பாதை மறுபடி திறக்கப்பட்டபோது, ஓபெட் ஊர்வலத்தை மீண்டும் நடத்திக் காட்டினார்கள். அதிபர் சிசி முன்னிலை வகித்தார். கிரீடமோ குடியரசோ, எகிப்தை ஆள வருபவர் யாரானாலும் இந்த வாசலுக்கு ஒருமுறை வந்தாக வேண்டும். வாசலைக் காலியாக விடாமல் காத்து வருபவர்கள் இந்த ஊர் மக்கள்.