முதலில் அடாப்டரைப் பார்

கீபோர்டு கைக்கு வந்ததும் ஸ்குரூ டிரைவரை எடுக்கக் கூடாது. வாசித்துப் பார்க்க வேண்டும். இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை, கறுப்பு வெள்ளை விடாமல், ஒவ்வொரு கட்டையாக, ஒரே அழுத்தத்தில். எது பேசவில்லை, எது அளவுக்கு மீறிக் கத்துகிறது என்று தாளில் குறித்துக்கொண்டே போனால் பாதிப் பழுது அங்கேயே பிடிபட்டுவிடும்.

*

ஒரே ஒரு கட்டை ஊமை என்றால் பெரும்பாலும் அதன் அடியிலுள்ள ரப்பர்க் காண்டாக்டில் அழுக்கு. ஆறோ எட்டோ கட்டைகள் சேர்ந்தாற்போல் ஊமை, அல்லது சீரான இடைவெளியில் ஊமை என்றால் அழுக்கைத் தேடிப் பயனில்லை. 61 கட்டைக்கும் தனித்தனி ஒயர் கிடையாது. பாவும் ஊடையும் போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடுகின்றன. இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு கட்டை. பாவில் ஓர் இழை அறுந்தால் சேலை நீளத்துக்கும் அது தெரியும் அல்லவா, அப்படித்தான் இங்கேயும் ஒரு கோடு விட்டுப்போனால் அந்த வரிசை முழுக்கப் போகும். ரிப்பன் கேபிள் இடத்தை விட்டு நகர்ந்திருக்கிறதா, சாலிடர் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தறி ஓடும் எங்கள் ஊரான திருப்பருத்திக்குன்றத்தில் இதை யாருக்கும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

பல கட்டைகளைச் சேர்த்து அழுத்திக் கார்டு பிடிக்கும்போது தொடாத ஸ்வரம் ஒன்றும் கூடவே ஒலித்தால் அந்தக் கோடுகளில் உள்ள டையோடைச் சந்தேகிக்கலாம்.

*

மெதுவாகத் தொட்டாலும் அலறுகிற கட்டை. விரலின் வேகத்துக்கேற்பச் சத்தம் மாறும் கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு காண்டாக்ட் உண்டு. ஒன்று முதலில் ஒட்டும், மற்றது ஒரு கண்ணிமைப் பொழுது கழித்து. அந்த இடைவெளியை வைத்துத்தான் விரலின் வேகத்தை உள்ளிருக்கும் சிப் கணக்கிடுகிறது. இடைவெளி குறைந்தால் சத்தம் கூடும். இரண்டில் ஒன்று அழுக்கானாலே கணக்கு குழம்பி, கட்டை கத்தும் அல்லது வாயே திறக்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைத்து, நன்றாகக் காயவிட்டால் போதும். உப்புத்தாள் வேண்டாம், தின்னரும் வேண்டாம். போர்டில் அச்சிட்ட கரி ஒருமுறை உரிந்தால் திரும்ப வராது.

*

பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டிலிருந்து வந்த கீபோர்டு. சுவிட்ச் போட்டதும் ஆர்கன் டோனில் ஒரே ஸ்வரம் தானாக இழுத்துக்கொண்டே இருந்தது. வேறொரு கடையில் “சாஃப்ட்வேர் போச்சு, புதுசு வாங்கிடுங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கழற்றி, ரப்பர்ப் பட்டையை நகத்தால் நெம்பித் தூக்கினேன். கரி பூசிய காண்டாக்ட் இரண்டுக்கும் குறுக்கே ஒரு சரிகைத் துணுக்கு படுத்திருந்தது. விளக்கைச் சாய்த்ததும் மின்னியதால்தான் கண்ணில் பட்டது. அசல் சரிகை, பட்டு இழைமேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. அதன் வழியே மின்சாரம் தாராளமாகப் போகும். மல்டிமீட்டர் முனைகளை அந்தத் துணுக்கின் இரு நுனியிலும் வைத்தேன், பீப் அடித்தது. துணுக்கை எடுத்துவிட்டுச் சுவிட்ச் போட்டதும் கீபோர்டு ஒழுங்காக நின்றது. அந்தக் கீபோர்டை வாங்க அந்தத் தறி வீட்டார் எத்தனை சேலை நெய்திருப்பார்கள் என்பதை அந்தக் கடைக்காரர் யோசித்திருக்க வேண்டும்.

தறி இருக்கும் வீட்டில் வாசித்து முடித்ததும் கீபோர்டைத் துணி போட்டு மூடுங்கள். பட்டுத் தூசும் பிசிறும் இன்னொரு தொல்லை.

*

அடாப்டர். பழைய காசியோ மாடல்கள் பலவற்றுக்கு 9 வோல்ட், பின்னின் நடுவில் நெகட்டிவ். யமஹாவின் 12 வோல்ட் அடாப்டரில் நடுவில் பாசிட்டிவ். ஜாக் பொருந்துகிறது என்பதற்காக ஒன்றில் மற்றதைச் செருகினால் உள்ளே பாதுகாப்பு டையோடு இருந்தால் அது பலியாகும். இல்லாவிட்டால் போர்டே பலியாகும். அடாப்டரின் மேல் சின்ன வட்டமும் கோடுமாக ஒரு படம் இருக்கும், அதைப் பார்க்காமல் செருகவே கூடாது.

ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று இரைச்சலா? அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றம் கீபோர்டில் இல்லை.

திருவிழாப் பந்தலில் சீரியல் செட்டும் மைக் செட்டும் கீபோர்டும் ஒரே ஜெனரேட்டரில் ஓடும். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வரை எகிறும். 240-க்கு மேல் தாங்காத அடாப்டர் அந்த நொடியே போய்விடும். வோல்ட் எகிறினால் இணைப்பைத் துண்டிக்கிற நல்லதொரு ஸ்டெபிலைசருக்கு ஆகும் செலவு போர்டு மாற்றும் செலவைவிடக் குறைவுதான்.

*

ஈரத்தைப் பற்றிச் சொல்ல எங்கள் ஊர்க் கோயிலிலிருந்தே தொடங்கலாம். வர்த்தமானர் கோயிலின் சங்கீத மண்டபம் 1387-ல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் எடுப்பித்தது. விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறும் கண்ணன் கதையும் ஓவியமாக உள்ளன. பல இடங்களில் வண்ணம் உதிர்ந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை ஈரம் என்ன செய்யும் என்பதை அண்ணாந்து பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். அதே ஈரம்தான் கீபோர்டு ஜாக்கில் பச்சை பூக்க வைக்கிறது. பேட்டரியை உள்ளேயே விட்டு மூடிவைத்தால் அது கசிந்து ஸ்பிரிங்கை அரிக்கும். வெள்ளைப் பொடி தெரிந்தால் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைக்கலாம். மழைக்காலத்தில் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் கட்டாயம்.

*

நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதியவர் இருந்த இடத்தில் இன்று சுருதிப் பெட்டி. பெங்களூரு ராடெல் நிறுவனத்தின் ராஜ் நாராயண் 1979-ல் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். பழைய அனலாக் பெட்டிகளில் வெயில் ஏற ஏறச் சுருதி நகரும். ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சூட்டுக்கு மாறுவதுதான் காரணம். கிரிஸ்டல் வைத்த டிஜிட்டல் பெட்டியில் அந்த நகர்தல் காதுக்கு எட்டாது. ஆகவே டிஜிட்டல் பெட்டி சுருதி விலகினால் முதலில் சுருதித் திருகைத்தான் பார்க்க வேண்டும்.

*

ஃபர்ம்வேர். எல்லாப் பழியும் கடைசியில் இதன் தலையில்தான் விழுகிறது. ரீசெட் செய்த பிறகும் அதே கட்டை அதே இடத்தில் ஊமை என்றால் மென்பொருளை விட்டுவிடுங்கள். யமஹா பி.எஸ்.ஆர்-இ வரிசையில் வலக்கோடி வெள்ளைக் கட்டையை அழுத்திக்கொண்டே சுவிட்ச் போட்டால் சேமித்த அமைப்புகள் அழிந்து பழைய நிலைக்கு வரும். அழிந்தது திரும்பாது என்பதால் பிரதி எடுத்த பிறகே அதைத் தொட வேண்டும்.

சத்தமே வரவில்லை, ஆனால் யு.எஸ்.பி. வழியே கம்ப்யூட்டருக்கு மிடி போகிறதா? லோக்கல் கன்ட்ரோல் அணைந்திருக்கும். பாடகருக்காக டிரான்ஸ்போஸ் ஏற்றியதை இறக்க மறந்துவிட்டு “டியூனிங் போச்சு” என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. இவை பழுதே அல்ல. காசு வாங்கக் கூடாது.

அப்டேட் போடும்போது மின்சாரம் போவதுதான் உண்மையான ஆபத்து. பாதி எழுதிய நிலையில் நின்றால் கீபோர்டு எழுந்திருக்காமல் போகலாம். பூட்லோடர் பிழைத்திருந்தால் மட்டுமே மீட்கலாம். 2011-ல் வந்த ஸ்வீடன் நாட்டு ஓ.பி-1 என்ற கையடக்க சிந்தசைசரில் ஒரு பட்டனை அழுத்தியபடி ஆன் செய்தால் அப்டேட், பரிசோதனை, ரீசெட் எல்லாம் வாங்கியவர் கையிலேயே. எல்லாக் கருவியும் அப்படி இருக்க வேண்டும்.

*

1983-ல் வந்த யமஹா டி.எக்ஸ்.7-ன் டோன்களைக் காப்பது உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி. அது தீர்ந்தால் டோன்கள் குழறும். மாற்றி, டோன்களைத் திரும்ப ஏற்றினால் பழையபடி பாடும். சர்க்யூட் படத்தோடு அதன் சர்வீஸ் மேனுவல் கிடைப்பதால் 40 வருடம் தாண்டியும் பழுது பார்க்க முடிகிறது. இப்போது வருகிற சிறிய கீபோர்டுகள் பலவற்றுக்கு மேனுவலும் இல்லை, ரப்பர்ப் பட்டையும் கிடைப்பதில்லை.

ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கு இணையதளம் தொடங்கியபோது வேளாண் கருவிகள், கைபேசி மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளைச் சேர்த்தது. இசைக்கருவிகளுக்கென்று தனி இடம் தரவில்லை. ஆடி மாதம் அம்மன் கோயில் கச்சேரிகளை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு கீபோர்டு தொழிற்கருவி. அதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ரப்பர்ப் பட்டையும் சர்க்யூட் படமும் கேட்டால் கிடைக்க வேண்டும்.