ஆற்றிலிட்டுக் குளத்தில் எடுத்த பொன்

கடலூரில் இறங்கும் அன்பர்கள், அப்பர் பெருமான் கல்லே தெப்பமாகக் கரையேறிய திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரரைத் தொழுது, நேரே தெற்கு நோக்கித் தில்லைக்குச் செல்வது வழக்கம். ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கி, மேற்கே திருமுதுகுன்றம் ஆகிய விருத்தாசலத்தையும் தரிசித்துவிட்டுச் சிதம்பரம் செல்வது நல்லது. அயல்நாட்டு யாத்திரைக்கு ஆயத்தமாகும் முதியோர்க்கு, அத்தலத்து மணிமுத்தாற்றங்கரை ஓர் அரிய பாடத்தை வைத்திருக்கிறது.

பரவையார் செய்யும் அறங்களுக்குப் பொருள் வேண்டிச் சுந்தரர் தலந்தோறும் சென்றார். முதுகுன்றத்து ஈசன் அவருக்கு 12,000 பொன் அளித்தார். அத்தனை பொன்னையும் சுமந்துகொண்டு ஆரூர் வரை செல்வது எவ்வாறு? பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, ஆரூர்த் திருக்குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு இறைவன் பணித்தார். சுந்தரர் அவ்வாறே செய்தார். ஆயினும் பொன்னின் மாற்று அறிவதற்காகச் சிறு துணுக்கொன்றை மச்சமாக வெட்டித் தம்முடன் வைத்துக்கொண்டார். ஆரூரில் கமலாலயக் குளத்திலிருந்து பொன் வெளிப்பட்டதும் அதனை மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தார். மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடினார், மாற்று ஒத்தது. இறைவனே கொடுத்த பொன்னாயினும் தோழர் உரைத்துப் பார்க்கத் தவறவில்லை என்கிறது பெரியபுராணம்.

அந்த மணிமுத்தாறு வெள்ளாற்றோடு கலந்து, சிதம்பரத்துக்குக் கிழக்கே பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கப்பலோட்டிய பழந்துறைமுகம் அது. பரங்கிப்பேட்டை வராகன் என்று ஊரின் பெயராலேயே ஒரு நாணயம் வழங்கியது. பலநாட்டுக் காசு புழங்கிய துறைகளில் மாற்றறிந்து காசு கொள்வது அன்றாட அறிவாக இருந்தது.

இன்று அடியார்கள் இலங்கையின் திருக்கேதீச்சரத்தையும் திருக்கோணமலையையும் தரிசிக்கக் கடல் கடக்கிறார்கள். மலேசியாவின் பத்துமலைக்கும், பிள்ளைகள் வாழும் சிங்கப்பூருக்கும் செல்கிறார்கள். பல ஆண்டுச் சேமிப்பு ஒரே கைப்பையோடு தொலைந்தால், முதிய வயதில் அயலூரில் பிறரிடம் கை நீட்டும் நிலை வரும். சுந்தரர் கைக்கொண்ட மூன்று முறைகள் அந்நிலையைத் தவிர்க்க உதவும்.

முதலாவது, முழுப் பொருளையும் உடன் சுமவாமை. பெரும்பாலான நாடுகளுக்கு, ஒரு பயணத்திற்கு 3,000 டாலர் மதிப்பு வரையே அந்நிய நோட்டாகக் கொண்டுசெல்ல ரிசர்வ் வங்கி விதி இடமளிக்கிறது. அதிலும் சில நாள் செலவுக்கு வேண்டியதை மட்டும் நோட்டாக வைத்து, எஞ்சியதை வங்கி தரும் ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்வது நலம். இங்கே இட்டு அங்கே எடுக்கும் இன்றைய வழி அதுவே. தம்பதியர் செல்வதாயின் நோட்டையும் கார்டையும் இருவரும் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். உரிமமற்ற தரகர் குறைந்த கட்டணத்தில் பணம் மாற்றித் தருவதாகச் சொன்னால் இணங்கலாகாது. அது சட்டவிரோதம், பணம் போனால் கேட்க வழியும் இல்லை.

இரண்டாவது, மச்சம். நாணயம் மாற்றிய ரசீது, கார்டைத் தடைசெய்ய அழைக்க வேண்டிய வங்கித் தொலைபேசி எண், பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றைப் பணப்பையில் அன்றித் தனியே வைக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி ஆணைக்குப்பின், புதிதாகத் தரப்படும் வங்கிக் கார்டுகள் உள்நாட்டில் மட்டுமே இயங்கும். ஆகவே புறப்படுமுன் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, அதற்கோர் உச்சவரம்பும் வைத்து, திரும்பியதும் மூடிவிடுக.

மூன்றாவது, மாற்றுரைத்தல். அயல்நாட்டுக் கடையில் கார்டு இயந்திரம், ‘ரூபாயிலா, இந்நாட்டு நாணயத்திலா?’ என்று வினவும். ரூபாய் நமக்குப் பழகியதென்று அதனைத் தேர்ந்தால், கடைக்காரரின் வங்கி வைக்கும் விலையில் மாற்றுக் குறைந்துவிடும். அந்நாட்டு நாணயத்தையே தேர்க. விமானநிலைய மாற்றுக்கடைகளில் விலை பெரும்பாலும் நமக்குச் சாதகமாக இராது. ஏடிஎம்மில் எடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டாதலால், பலமுறை சிறிது சிறிதாக எடுப்பதும் இழப்பே. இலங்கையில் 2024 பிப்ரவரி முதல் நம் யுபிஐ வழியாகவும் கடைகளில் செலுத்த முடிகிறது. ஊர் திரும்பியபின் 2,000 டாலருக்கு மேல் மிஞ்சிய அந்நிய நோட்டை 180 நாட்களுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும்.

முதுகுன்றத்திலிருந்து ஆரூர் திரும்பும் வழியில் சுந்தரர் தில்லையைத் தரிசித்தார். 12,000 பொன்னுக்கு உரியவர், ஒரு மச்சத்தை மட்டுமே உடன்கொண்டு அம்பலவாணர்முன் நின்றார். சந்நிதியில் நிற்கும்போது கை மடியைத் தடவாமல் தலைமேல் குவிய வேண்டுமெனில், பொருளை வைக்கும் இடத்தில் முன்னரே வைத்துவிட வேண்டும். அக்கவலையின்றிக் கடல் கடந்து தரிசித்து, நலமே இல்லம் திரும்பத் தில்லைக்கூத்தன் திருவருள் துணைநிற்பதாக.