ரெண்டு தரம் பதிஞ்சனான்

எங்கள் ஊர் வாசிகசாலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஒரு கணிதக் கருத்தரங்கு வைப்பதென்று முடிவானபோது, பதிவுக்கு ஒரு இணையப் பக்கம் செய்து தாறம் என்று நாங்கள்தான் வாய்விட்டோம். கொப்பியோட ஒராள் வாசலில இருந்து பெயர் எழுதினாலே காணும் என்று தலைவர் சொன்னவர். கேட்டிருக்கலாம்.

பக்கம் பெரிய விசயமில்லை. பெயர், பாடசாலை, தொலைபேசி இலக்கம், கீழே 'பதிவுசெய்' என்று ஒரு பொத்தான். அதை அமத்தினால் எங்கள் ஜாவாஸ்கிரிப்ட் மூன்று பெட்டிகளையும் வாசித்து, ஏதும் வெறுமையாக இருந்தால் சொல்லி, இல்லாவிட்டால் விபரத்தைச் சேமிப்புக்கு அனுப்பி, 'நன்றி' என்று காட்டும். எல்லாம் ஒரே கோப்புக்குள் இருந்தது. ஸ்கிரிப்ட் பக்கத்தின் அடியில், படிவத்துக்குப் பிறகு. ஐந்து பேரும் ஆளுக்கொரு தரம் பதிந்து பார்த்தோம். வேலை செய்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம், இணைப்பைப் பகிரக் கொஞ்சம் முதல், எங்களில் ஒருவருக்கு அது வடிவில்லை என்று பட்டது. ஸ்கிரிப்டைத் தனிக்கோப்பில் வைப்பதுதான் முறை என்றார். முறைதான், அதில் பிழையில்லை. வெட்டி வேறொரு கோப்பில் போட்டோம். அந்தக் கோப்பைக் கூப்பிடுகிற வரியை மேலே ஹெட் பகுதியில் வைத்தோம். பக்கத்தைத் திறந்து பார்த்தால் முந்தி இருந்த மாதிரியே இருந்தது. பொத்தானை ஒருத்தரும் அமத்திப் பாக்கேல்லை. வட்ஸ்அப்பில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டோம்.

ஞாயிறு மத்தியானம் கடையடியில் ஒரு அம்மா மறிச்சுக் கேட்டா: "தம்பியவை, மகள் பதிஞ்சவள். ஒரு பதிலும் வரேல்லையாமே?"

சேமிப்பைத் திறந்து பார்த்தோம். எங்கள் ஐந்து பேரின் பெயர் மட்டும் இருந்தது.

வெளியில் இருக்கிற கோப்பால் பக்கத்துக்குள் இருக்கிற படிவத்தைத் தொட ஏலாது போல என்றுதான் முதலில் நினைத்தோம். ஒரு மணித்தியாலம் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை பிடித்தோம். அது முழுப்பிழை. ஸ்கிரிப்ட் வரியால் கூப்பிடப்பட்ட கோப்பு எங்கேயிருந்து வந்தாலும், வந்த பிறகு அதே பக்கத்துக்குள்தான் ஓடும். உள்ளே எழுதிய ஸ்கிரிப்டுக்குப் படிவத்தில் என்ன உரிமையோ அதே உரிமை அதற்கும் உண்டு. கோப்பு வருகிறதா என்று பார்க்க அதன் முதல் வரியில் 'வந்துட்டன்' என்று எழுதிக் கொன்சோலில் அச்சிட்டோம். வந்திருந்தது. அடுத்ததாக, ஐ.டி.யைக் கொடுத்துத் தேடிய படிவத்தை அச்சிட்டோம். 'நல்' என்று வந்தது. தமிழில் வாசித்தால் நல்ல செய்தி மாதிரி இருக்கும். அங்கே ஒன்றுமே இல்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

பிறவுசர் பக்கத்தை மேலிருந்து கீழாக வாசிக்கிறது. நடுவில் ஒரு ஸ்கிரிப்ட் வரி வந்தால், வாசிப்பை நிப்பாட்டி, அந்தக் கோப்பை எடுத்துவந்து ஓட்டிவிட்டுத்தான் கீழே போகும. எங்கள் கோப்பு மேலே நின்று "படிவம் எங்கே?" என்று கேட்டபோது படிவம் இன்னும் வாசிக்கப்படவே இல்லை. வீடு கட்ட முதல் குடிபூரலுக்கு வந்த ஆள் மாதிரி. இல்லாத படிவத்தில் போய்ப் பொத்தானைக் கவனிக்கச் சொன்னால் ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே விழுந்துவிடும். கொன்சோலில் ஒரு சிவப்பு வரி மட்டும் இருக்கும். பிள்ளையள் கொன்சோல் திறந்தா பதியிறவை?

ஆனால் ஸ்கிரிப்ட் விழுந்தாலும் படிவம் விழாது. இதுதான் எங்களைச் சுட்டது. பொத்தானை அமத்தினால் அது தன்ரை பழைய வேலையைச் செய்யும்: உள்ளதையெல்லாம் முகவரிக்குப் பின்னால் ஒட்டி, அதே பக்கத்தைத் திரும்பக் கூப்பிடும். பக்கம் ஒருக்கா மினுங்கி, பெட்டிகள் வெறுமையாகும். 'போட்டுது' என்று பிள்ளை போனை வைச்சிடும்.

திருத்தியது ஒரே ஒரு சொல்லால். ஸ்கிரிப்ட் வரியில் 'டிபர்' என்று சேர்த்தால், பக்கம் முழுக்க வாசித்து முடியும்வரை கோப்பு ஓடாமல் காத்திருக்கும். வெளிக்கோப்புக்கு மட்டுந்தான் அது செல்லும். வரியைத் திரும்ப அடியில் கொண்டுபோய் வைத்திருந்தாலும் சரிவந்திருக்கும்.

போனதை எடுக்க வழியிருந்தது. படிவம் எல்லாவற்றையும் முகவரியில் ஒட்டியபடியால், நாங்கள் வாடகைக்கு எடுத்த சேர்வரின் வருகைப் பதிவில் அது இருந்தது. (அந்தரங்கத்துக்கு இது நல்லதில்லை. இப்ப போஸ்ட் முறைதான் வைச்சிருக்கிறம், ஸ்கிரிப்ட் செத்தாலும் விபரம் சேமிப்புக்குத்தான் போகும்.) 41 வரி. தமிழ்ப் பெயர்கள் சதவீதக் குறியும் இலக்கமுமாக நீண்டு கிடந்தன. குமரன் என்ற பெயருக்கு 54 எழுத்து. திருப்பி எடுத்தால் பெயர் மட்டும் வந்தது. பாடசாலையுமில்லை, போன் இலக்கமுமில்லை. படிவம் தானாக அனுப்பும்போது 'நேம்' உள்ள பெட்டியைத்தான் அனுப்பும். மற்ற இரண்டுக்கும் ஐ.டி. மட்டும் கொடுத்திருந்தோம். பெயர்ப் பெட்டி எங்கேயோ வெட்டி ஒட்டியது, அதில் தற்செயலாக நேம் இருந்தது.

இரண்டு மூன்று தரம் அமத்தினவையைக் கழிக்க 33 பெயர். அந்தக் கிழமை முழுக்கச் சைக்கிளில் திரிந்தோம். ஒரே பெயரில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள், மூன்று வீட்டிலும் கேட்டோம். 32 பேரைப் பிடித்தோம். ஒரு பெயர் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. யாரோ பகிடிக்குப் போட்டது என்று வெட்டிவிட்டு, 32 வினாத்தாள் அடித்தோம்.

கருத்தரங்கு தொடங்கி அரைமணித்தியாலத்தால் ஒரு பெடியன் வாசலில் வந்து நின்றான். பெயரைக் கேட்டோம். பட்டியலில் இல்லை.

"நான் ரெண்டு தரம் பதிஞ்சனான் அண்ணா."

"என்ன பெயரில?"

நிலத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொன்னான். நாங்கள் வெட்டின பெயர். எங்களில் ஒருவர் தன் கதிரையை அவனுக்கு இழுத்துப் போட்டார். மற்றவர் போட்டோக்கொப்பிக் கடைக்குச் சைக்கிளை எடுத்தார்.