தோலும் குரலும்

சத்தம் எது, சங்கீதம் எது என்று தீர்ப்பு சொல்கிறவர்கள் இந்த ஊரில் எப்போதும் ஒரே தரப்பில்தான் இருக்கிறார்கள். மார்கழி பிறந்தால் மயிலாப்பூர் சபா வாசலில் வண்டி நிறுத்த இடமிருக்காது. அதே மயிலாப்பூரில், கால்வாய் ஓரத்து எங்க தெருவில் சாவு விழுந்து மேளம் அடித்தால், பொணம் எடுக்கிறதுக்குள்ளே போலீஸுக்குப் போன் போயிருக்கும். எங்க ஜனங்களுக்கு இது ஒன்றும் புதிசில்லை. ஆனால் இதை நான் உட்கார்ந்து யோசிக்க ஒரு ஃபின்லாந்துக்காரியின் குரல் காரணமாக இருந்தது.

2002ஆம் வருஷம். நந்தனம் அரசு கலைக் கல்லூரியில் படித்துக்கொண்டே சாயங்காலங்களில் தி.நகரில் ஒரு ரெக்கார்டிங் கடையில் வேலை செய்தேன். சிடி கொண்டுவந்து கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருகிற கடை. அடையாறு பக்கமிருந்து வந்த ஒரு மாணவன் 'ஓஷன்பார்ன்' என்று ஒரு சிடி கொடுத்துவிட்டுப் போனான். பாடிய குழுவின் பெயர் நைட்விஷ். 1996இல் ஃபின்லாந்தின் கிழக்கு மூலையில் கிட்டீ என்கிற சின்ன ஊரில் தொடங்கிய குழு அது, ஆல்பம் 1998இல் வந்தது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. மெட்டல் என்றால் ஆம்பளைங்க தொண்டை கிழியக் கத்துவது என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். இதில் இரண்டு காலாலும் மிதித்து அடிக்கிற டிரம்மும் கித்தாரும் இடிஇடியென்று இடிக்க, அத்தனைக்கும் மேலே ஒரு பெண் குரல் ஏறி நின்றது. தார்யா துருனென். ஓபெரா முறையில் பயின்ற குரல். அது மேளத்தோடு சண்டை போடவும் இல்லை, மேளத்துக்குப் பயந்து ஒதுங்கவும் இல்லை.

முதலாளி உள்ளேயிருந்து கத்தினார். "இன்னாடா அது, சாவு மேளம் மாதிரி? கொறைடா!"

"ஃபாரின் பாட்டுண்ணா."

"ஃபாரினா? சரி, இருக்கட்டும்."

அவர் காது பொய் சொல்லவில்லை. சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் மாறிமாறி விழுகிற அதே வேகம் அந்த டிரம்மில் இருந்தது. மேலே ஒரு பொம்பளை ராகம் இழுக்கிறாள். எங்க தெருச் சாவில் பறையும் ஒப்பாரியும் இப்படித்தான் ஒன்றாகப் போகும். ஃபாரின் என்றதும் அவருக்குச் சத்தம் பாட்டாகிவிட்டது. எங்க தெருவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இந்த மெட்டலும் மாடமாளிகையில் பிறந்ததில்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த டோனி அயாமி, 17 வயதில் எந்திரத்தில் கையைக் கொடுத்து இரண்டு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு கித்தார் வாசித்தார். பிறகு வலி குறையத் தந்தியைத் தளர்த்தினார். பிளாக் சபாத் குழுவின் கனத்த ஓசைக்கு அதுவும் ஒரு காரணம். வெட்டுப்பட்ட தொழிலாளியின் விரலிலிருந்து வந்த சங்கீதம் அது.

கேசட்டில் எனக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வீட்டில் போட்டேன். எங்க ஆயா வெத்தலை இடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். நாலு ஊருக்குப் போய் ஒப்பாரி பாடினவள் அவள்.

"எவன் செத்ததுக்கு இவ இப்படி அழுவுறா?"

"அழுவல ஆயா, பாடுறா."

"ரெண்டும் ஒண்ணுதான்டா. காசு குடுத்தாங்களாமா இவளுக்கு?"

ஆயா பாடின ஊர்களில் அவளுக்குக் கிடைத்தது ஒரு படி நெல், இல்லாவிட்டால் பழைய புடவை. அவள் பாட்டில் அழாத மேல்சாதி வீடு கிடையாது. அழுது முடித்ததும் அவளுக்குத் தண்ணியை எட்ட நின்று ஊற்றுவார்கள்.

அப்பா வேறு மாதிரி. தாத்தா மதுராந்தகம் பக்கம் பறை அடித்தவர். ஊர்த்தெருவில் சாவு என்று ஆள் வந்தால், காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து போயாக வேண்டும். அதிலிருந்து தப்பித்துத்தான் அப்பா மெட்ராஸுக்கு வந்தார். "அந்தச் சத்தம் எங்க காலைக் கட்டிப்போட்ட சத்தம்டா" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அப்பாவுக்கும் ஆயாவுக்கும் நடுவில் இருந்ததுதான் 90களில் நம் இயக்கங்களுக்குள்ளும் நடந்த விவாதம். பறை அடிமைச் சின்னம், தூக்கி எறி என்றார்கள் ஒரு பக்கம். அது நம் கலை, விடுதலையின் கருவி என்றார்கள் மறுபக்கம். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்களே பறையைக் கையில் எடுத்து ஆடினார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் ஆயா கேட்ட கேள்வி இரண்டுக்கும் அடியில் கிடக்கிறது: அடிக்கிறவனுக்கும் பாடுகிறவளுக்கும் என்ன கிடைக்கிறது? மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு முடியுமா?

சபாவில் ஒலிக்கிற மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மாட்டுத்தோல் உண்டு, ஆட்டுத்தோல் உண்டு, எருமைத்தோல் உண்டு. அதைப் பதம் பார்த்துக் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். அந்தக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்குத் தந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் நடந்தது. தோல் உள்ளே போகலாம், தோல்காரன் கதை போகக்கூடாது.

குரலுக்கும் அதே கதிதான். 2005 அக்டோபரில் ஹெல்சிங்கியில் பெரிய கச்சேரி முடிந்த கையோடு, குழுவின் நான்கு ஆண்களும் தார்யாவிடம் ஒரு கடிதம் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். கடிதத்தை ஊரறிய வெளியிடவும் செய்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்களுக்குள் நான் போகவில்லை. ஒன்பது வருஷம் அந்தக் குழுவுக்கு முகமாக இருந்தவளை அனுப்ப ஒரு கடிதம் போதுமாக இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். வெள்ளைக்காரிக்கே இப்படி. நம் பெண்களுக்கு?

2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடை ஏறியது. நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். கானா, பறை, சாவு மேளம், ராக், ராப் எல்லாம் ஒரே மேடையில். பத்தொன்பது பேரில் ஒரே பெண் வடசென்னை இசைவாணி. கானா ஆம்பளைப் பாட்டு என்றிருந்ததை அவர் உடைத்தார். 2002இல் நான் ஃபின்லாந்துக் கேசட்டில் கேட்ட சேர்க்கை, மேளத்துக்கு மேல் ஏறி நிற்கிற பெண் குரல், என் சொந்த பாஷையில் இங்கே வந்தது. 2020இல் பிபிசி அவரை உலகின் நூறு பெண்களில் ஒருவர் என்றது. 2024 நவம்பரில், கோயிலுக்குள் பெண்கள் போகிற உரிமை பற்றி அவர் முன்பு பாடிய ஐயப்பன் பாட்டைத் தோண்டியெடுத்துப் புகார் கொடுத்தார்கள், மிரட்டினார்கள்.

அதனால் தோழர்களே, கலைவிழா நடத்தும்போது சிலதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாடுகிற பெண்ணின் பெயர் நோட்டீஸில் இருக்கிறதா? பறை அடிக்க வந்தவருக்குப் பேசின கூலி கைக்குப் போய்ச் சேர்ந்ததா? நாளைக்கு அவளை மிரட்டினால் மேடை போட்டவர்கள் பக்கத்தில் நிற்பார்களா? இதற்கெல்லாம் ஆமாம் என்று சொல்ல முடிந்த பிறகு ஸ்பீக்கரைக் கட்டுங்கள். எவன் போலீஸுக்குப் போன் போட்டாலும் போடட்டும்.